பிள்ளைகள் தீர்க்கும் வழக்கு

சென்னை மாநிலத்துக்கும் ஆந்திரத்துக்கும் இடையேயிருந்த எல்லை 1960 ஏப்ரல் முதல் நாள் மாற்றியமைக்கப்பெற்றது. திருத்தணி அப்பால் சென்றது. சித்தூரும் திருப்பதியும் இப்பால் நின்றன. பெரியோர் வழக்கு ஓய்ந்தது. பள்ளி வாங்கில் அருகருகே அமரும் பிள்ளைகளின் வழக்கோ இன்னும் ஓயவில்லை. 'அரவம்' என்று ஒருவன் தமிழை எள்ளுகிறான். நம் பிள்ளை 'கொல்டி' என்று திருப்பியடிக்கிறான். (நம் பிள்ளை வாய் திறவான் என்று எண்ணும் பெற்றோர் சற்று விசாரித்துப் பார்க்கலாம்.)

முன்னர் இத்தகைய பூசல்களைப் பிரம்பு தீர்த்தது. அதாவது, தெருவுக்கு அனுப்பிவைத்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரம்பை விலக்கிவிட்டது. அதன் இடத்தில் எதை வைப்பது?

பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம் என்று துணிந்தவர் யானுஷ் கோர்ச்சாக் என்னும் போலந்து மருத்துவர். வார்சாவில் 1912-இல் தொடங்கிய அநாதைச் சிறுவர் இல்லத்தில் அவர் சிறுவர் நீதிமன்றம் ஒன்றை அமைத்தார். அவ்வாரம் வழக்கில் சிக்காத பிள்ளைகளுள் ஐவர் சீட்டுக் குலுக்கலால் நடுவராயினர். சட்டத் தொகுப்பின் முதல் 99 பிரிவுகளும் விடுவிப்பதற்கும் மன்னிப்பதற்குமே உரியவை. ஆறு மாதத்தில் ஐந்து முறை கோர்ச்சாக்கே அம்மன்றத்தின்முன் நின்றார். 1942-இல் நாஜிகள் அவரையும் அப்பிள்ளைகளையும் திரெப்ளிங்கா முகாமுக்குக் கொண்டுசென்று கொன்றனர்.

பின்னர் அமெரிக்கப் பள்ளிகளில் பரவிய முறையில் மாணவ நடுவர் தீர்ப்பே கூறுவதில்லை. ஒருவன் பேசி முடிக்கும்வரை மற்றவன் குறுக்கிடலாகாது. கேட்டதை நடுவர் தம் சொல்லில் திருப்பிச் சொல்வார். இனி என்ன செய்வதென்று பிணங்கியவர்களே பேசி எழுதிக் கையொப்பமிடுவர். நம் ஊர்களில் நடுவர் இருவராயிருத்தல் நலம்: தமிழ் வீட்டுப் பிள்ளை ஒருவர், தெலுங்கு வீட்டுப் பிள்ளை ஒருவர். வசைச்சொல் எங்கே சுட்டதென்பதைத் தாய்மொழியில் சொன்னால்தான் முழுதும் சொல்ல இயலும்.

எனினும் எல்லா வழக்கும் பிள்ளைகளுக்குரியதன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சாதிப் பகையால், மாணவன் ஒருவனை உடன் பயின்றோரே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றாள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், எல்லாச் சமூகத்து மாணவரும் சேர்ந்த 'சமூக நீதி மாணவர் படை' ஒன்றைப் பரிந்துரைத்தது. அங்கும் பொறுப்பு முழுதும் மாணவர்மேல் சுமத்தப்படவில்லை. பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டுமென்றும் குழு கேட்டது. இங்கும் அப்படியே. பென்சிலும் பட்டப்பெயரும் பிள்ளைகளிடம் இருக்கட்டும். அச்சுறுத்தலும் கத்தியும் என்றால், செய்தி அன்றைக்கே தலைமையாசிரியரை எட்ட வேண்டும்.