கண்ணில் தோன்றும் பழுப்புக் கறை



‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?’ என்பது முன்னோர் மொழி. காலில் முள் தைத்தால் உடனே கவனிக்கிறோம். கண்ணின் வெள்ளைப் பகுதியில் பழுப்புக் கறை ஒன்று தோன்றினால், ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடுகிறோம்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். நம்மைப் போன்ற கறுத்த மேனியருக்கு இரண்டு கண்களிலும் கருவிழியைச் சுற்றி இலேசான பழுப்பு நிறம் இருப்பது இயற்கை. அதனால் தீங்கில்லை. ஆனால், நடுத்தர வயதில் ஒரு கண்ணில் மட்டும் புதிதாகத் தோன்றிப் பரவும் கறை வேறு. அது வலிக்காது, பார்வையையும் மங்கச் செய்யாது. அதுதான் அதன் வஞ்சகம். வெள்ளையருக்கே இது அதிகம், நம்மவருக்கு அரிது. அரிது என்றால் வராது என்று பொருளல்ல.

கண் டாக்டர் அதில் சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பார். நிறம் மட்டும் கூடியிருந்தால் கவலையில்லை. அணுக்களே உருமாறியிருந்தால் பிற்காலத்தில் புற்றுநோயாகலாம். சிறிய கறையை வெட்டியெடுத்து, ஓரங்களைக் கடுங்குளிரால் உறையவைப்பார்கள். பரவலான கறைக்கு, 1990-களிலிருந்து மைட்டோமைசின்-சி என்னும் சொட்டு மருந்தும் பயன்படுகிறது. 1950-களில் ஜப்பானில், மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து கண்டெடுத்த புற்றுநோய் மருந்து இது. கெட்ட அணுக்கள் பெருகாமல் தடுக்கிறது. பெரும்பாலும் 0.04 சதவீதக் கரைசலை நாளுக்கு 4 முறை, ஓரிரு வாரம் விடுவார்கள். பிறகு கண்ணுக்கு ஓய்வு. மீண்டும் ஒரு சுற்று.

கண் சிவக்கும், எரியும், நீர் வடியும். அளவு மீறினால் கருவிழியே புண்ணாகும். ஆகவே டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள் மட்டுமே. மிச்ச மருந்தைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கவே கூடாது. கர்ப்பிணிகள் அதைத் தொடவும் வேண்டாம். கறை மறைந்தாலும் திரும்ப வரலாம். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து காட்டவேண்டும்.

கறை கட்டியாகத் தடித்துவிட்டால் சொட்டு மருந்து மட்டும் போதாது, அறுவை சிகிச்சைதான். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, கடையில் வாங்கிய மருந்து எதுவும் கறையைப் போக்காது, நாளைத்தான் போக்கும்.

வேலை முடிந்து முகம் கழுவும்போது கண்ணாடி முன் நின்று, இமைகளை விலக்கி இரு கண்களையும் பாருங்கள். ஒன்றில் மட்டும் புதிய கறை தெரிந்தால் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குச் செல்லுங்கள். ஒருநாள் சம்பளம் போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். கண்ணை எந்தக் கடையில் வாங்குவது?