ஆடுபவர் நால்வர், பார்ப்பவர் நாற்பது பேர்

தாராவிச் சந்துகளில் இரவு ஏழு மணிக்கு மேல் நடந்தால், எங்காவது ஓர் இடத்தில் கேரம் போர்டு கண்ணில் படும். அதன் தலைக்கு மேல் ஒரு பல்பு தொங்கும். ஆடுபவர்கள் நான்கு பேர். சுற்றி நிற்பவர்கள் இருபது பேர், முப்பது பேர், சனிக்கிழமை என்றால் நாற்பது பேர்.

"வேலை வெட்டி இல்லாத கூட்டம்" என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. ஆடுகிறவனுக்காவது கை வேலை செய்கிறது. அடுத்தவன் ஆடுவதை மணிக்கணக்கில் நின்று பார்ப்பவனுக்கு என்ன லாபம் என்பது அவர்களுடைய கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில், நிற்பவர்கள் யார்? தோல் பட்டறையிலும் தையல் மெஷினிலும் பகலெல்லாம் குனிந்து உழைத்தவர்கள். சயான், மாட்டுங்கா ஸ்டேஷன்களில் நெரிசலோடு இறங்கி வந்த ஆபீஸ் ஊழியர்கள். வீடு என்பது பத்துக்குப் பத்து அறை. அதில் குழந்தைகள் படிக்க வேண்டும், முதியவர்கள் படுக்க வேண்டும், சமையலும் நடக்க வேண்டும். ஆண்பிள்ளை வெளியே வந்து நிற்பதே வீட்டுக்குச் செய்யும் உதவி. டிக்கெட் இல்லாமல், செலவு இல்லாமல், நாலு பேர் முகம் பார்க்கக் கிடைக்கும் இடம் அந்த விளக்கடி ஒன்றுதான்.

இரண்டாவது, பார்ப்பவன் சும்மா நிற்பதில்லை. வெள்ளை 9, கறுப்பு 9, நடுவே ஒரு ரெட். ரெட்டைப் போட்டவன் உடனே பாலோ போடாவிட்டால் ரெட் திரும்பவும் நடுவுக்கு வந்துவிடும். அந்த ஒரு நொடியில் ஆடுகிறவன் விரலோடு சேர்ந்து நாற்பது பேரின் மனமும் குறி பார்க்கிறது. எந்தக் கோணத்தில் அடித்தால் காய் திரும்பும், எதை விட்டு எதை எடுக்க வேண்டும் என்று ஒவ்வொருவனும் தனக்குள் ஓர் ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கிறான். ஓரத்தில் நிற்கும் சிறுவன் பாடம் படிப்பதும் அப்படித்தான்.

இந்த ஆசை தாராவிக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டம் வந்தது. ஒரு மேஜையைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று வேடம் ஏற்றுப் பேசுவார்கள். எடுத்த காரியம் ஜெயமா தோல்வியா என்பதைப் பெரும்பாலும் இருபது முகப் பகடை ஒன்று சொல்லும். பந்தும் இல்லை, மட்டையும் இல்லை, ஓட்டமும் இல்லை. இதை மற்றவர் ஆட, பார்த்துக்கொண்டிருக்க யார் வருவார் என்று கேட்கத் தோன்றும். ஆனால் 2015இல் 'கிரிட்டிக்கல் ரோல்' என்ற பெயரில் கார்ட்டூன்களுக்கும் வீடியோ கேம்களுக்கும் குரல் கொடுக்கும் கலைஞர்கள் சிலர் ஆடிக் காட்டத் தொடங்கியதற்கு உலகெங்கும் ரசிகர்கள் சேர்ந்தார்கள். 2023இல் லண்டன் வெம்பிளி அரங்கில் கட்டணம் கட்டி வந்து பார்த்தார்கள். 2025 ஜனவரியில் இன்னொரு குழு ஆடியபோது நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் நிரம்பியது.

வெள்ளைக்காரன் இன்று கண்டுபிடித்த ரசனையா இது? தொண்டை நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்தவர்கள் சிரிப்பார்கள். தருமன் தோற்பான் என்பது குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் பகடை உருளும்போது கூட்டம் மூச்சை அடக்கிக்கொள்கிறது. முடிவு தெரிந்துகொள்ள யாரும் விடிய விடிய உட்காருவதில்லை. விதி எதிராக விழும்போது மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்க்கவே உட்காருகிறார்கள். அடிமேல் அடி வாங்கும் உழைப்பாளிக்கு அதைவிட வேண்டிய பாடம் வேறில்லை.

அதே பாரதம் பார்ப்பவனுக்கு ஒரு கடமையையும் வைத்திருக்கிறது. சூதாட்ட மண்டபத்தில் பீஷ்மரும் துரோணரும் பார்வையாளர்கள்தாம். விதுரன் எச்சரித்தான். விகர்ணன் எழுந்து நியாயம் கேட்டான். மற்றப் பெரியவர்கள் வாய் மூடி இருந்தார்கள். அந்த மௌனத்தை நாடு இன்னும் மன்னிக்கவில்லை. ஆட்டம் சூதாக மாறும்போது "போதும், எழுந்திரு" என்று சொல்ல வேண்டியவன் பக்கத்தில் நிற்பவனே.

இன்று ஆபத்து சந்தில் இல்லை. சட்டைப் பையில் இருக்கிறது. செல்போனில் பணம் கட்டி ரம்மி ஆடுகிறவனைச் சுற்றி யாரும் நிற்பதில்லை. போர்வைக்குள் ஆடுகிறான், போர்வைக்குள் தோற்கிறான். சம்பளம் போன பிறகே வீட்டுக்குத் தெரிகிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்ய 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. நாற்பது பேர் பார்வையில் ஆடும் கேரத்துக்கு அப்படிச் சட்டம் வேண்டியிருக்கவில்லை. அந்த நாற்பது பேரே காவல். அங்கும் சில இடங்களில் பந்தயம் நுழைவதை மறுப்பதற்கில்லை. அதைத் தடுப்பதும் அவர்கள் பொறுப்பே.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்த விளக்கடியில் பெண்கள் நிற்பதில்லை. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991லும் 1995லும் உலக கேரம் சாம்பியன் ஆனார். 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். அதே வட சென்னைப் பக்கத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். தாராவியில் எத்தனை காசிமாக்கள் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்களோ? கிட்ட நின்று பார்க்கவே இடம் கொடுக்காவிட்டால், ஆடக் கற்பது எப்போது?

இப்போது தாராவி மாறப் போகிறது. தகுதி பெறும் குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. கழிப்பறையோடு கூடிய சொந்த வீடு வேண்டாம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அடுக்குமாடியில் சந்து இருக்காது. லிப்ட் வாசலில் கேரம் போர்டு போட முடியாது. வரைபடத்தில் வீட்டுக்கு இடம் உண்டு, கடைக்கு இடம் உண்டு, காருக்கும் இடம் உண்டு. நாலு பேர் ஆட, நாற்பது பேர் நின்று பார்க்க இடம் எங்கே?

தமிழ்ச் சங்கங்களும் குடியிருப்போர் கமிட்டிகளும் சதுர அடிக் கணக்கோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு கட்டடத்தின் கீழ்த்தளத்திலும் விளக்கோடு ஒரு பொதுத் திண்ணை வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேட்க வேண்டும். அங்கே பந்தயத்துக்கு இடமில்லை, பெண் பிள்ளைகளுக்கு இடமுண்டு என்ற விதியையும் தாங்களே வகுத்துக்கொள்ள வேண்டும். கட்டடம் எழுந்த பிறகு கேட்டால் கிடைக்காது.