தேடுவோர் சொல்லும் எழுதுவோர் சொல்லும்

தஞ்சை வட்டாரத்தில் சம்பாப் பயிர் திட்டுத் திட்டாகத் தீய்ந்தது போல் காய்ந்தால், உழவர் அதைப் ‘புகையான்’ என்பார். பயிரின் தூரில், நீர்மட்டத்தை ஒட்டி அமர்ந்து சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியின் வேலை அது. தமிழ் நூல்களில் அதற்குப் ‘பழுப்புத் தத்துப்பூச்சி’ என்ற பெயரும் உண்டு. விலங்கியலார் ‘நிலபர்வதா லூகன்ஸ்’ என்பர். பூச்சி ஒன்று, பெயர் மூன்று. அதைப் பற்றி இணையத்தில் எழுதுபவர் எந்தப் பெயரை எழுத வேண்டும்? தேடுசொற்களைப் பற்றிய அடிப்படைக் கேள்வி இதுதான்.

தேடுசொற்களை நீளத்தால் இரண்டாகப் பிரிக்கலாம். ‘நெல்’ என்பது குறுஞ்சொல். அதைத் தேடுவோர் பலர். ஆனால் அவர்களுக்கு என்ன தேவை என்பது விளங்காது. ‘புகையான் வந்த வயலில் நீரை வடிக்கலாமா’ என்பது நெடுந்தொடர். தேடுவோர் சிலரே, தேவையோ தெளிவாக இருக்கிறது.

நோக்கத்தால் மூன்றாகப் பிரிக்கலாம் என்று 2002-இல் ஆந்திரே பிரோடர் என்ற கணினி அறிஞர் எழுதினார். ‘புகையான் அறிகுறி’ என்பது அறிந்துகொள்ள. ‘ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம்’ என்பது குறிப்பிட்ட தளத்தை அடைய. ‘விதைநெல் வாங்க’ என்பது ஒரு காரியத்தை முடிக்க.

எல்லாச் சொற்களுக்கும் மதிப்பு ஒன்றல்ல. அரிய சொல்லுக்கே எடை அதிகம் என்பதை 1972-இல் காரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் அம்மையார் கணக்கிட்டுக் காட்டினார். பயிர்களைப் பற்றி 1,000 பக்கங்கள் இருப்பதாகக் கொள்வோம். எல்லாவற்றிலும் ‘நெல்’ வந்தால் விகிதம் 1. அதன் மடக்கை 0. ‘புகையான்’ 10 பக்கங்களில் மட்டும் வந்தால் விகிதம் 100; பத்தடிமான மடக்கை 2. ஆகவே ‘நெல்’ பக்கங்களைப் பிரித்தறிய உதவாது, ‘புகையான்’ உதவும்.

தேடுசொல்லை ஐம்பது முறை திணித்தால் தம் பக்கம் முன்னால் வரும் என்று சிலர் எண்ணுகின்றனர். இது பதரைக் கலந்து மூட்டையை நிரப்புவது போன்றது. பக்கத்தின் உள்ளே மறைவாக எழுதப்படும் தேடுசொற் பட்டியலை வரிசைப்படுத்தலுக்குக் கருதுவதில்லை என்று கூகுள் நிறுவனம் 2009-இலேயே அறிவித்துவிட்டது.

இன்றைய தேடுபொறிகள் ஒருபொருட் சொற்களை ஓரளவு இணைக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் எழுத்தில் அருகி வரும் வட்டாரச் சொல்லுக்கும் நூற்சொல்லுக்கும் உள்ள உறவைப் பொறி எங்கிருந்து கற்கும்? இரண்டையும் ஒரே பக்கத்தில் நாம் எழுதினால்தானே! ‘பழுப்புத் தத்துப்பூச்சி’ என்று மட்டும் எழுதப்பட்ட நல்ல கட்டுரை, ‘புகையான்’ என்று தேடும் உழவர் கண்ணில் படாமலே போகலாம். அவருக்கோ நாள் கடந்தால் பயிர் போய்விடும்.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அவர் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது நான்காவது விதி. இணையப் பக்கம் எழுதுவோருக்கும் அது பொருந்தும். தேடுபொறிக்கு ஏற்பப் பக்கத்தைச் செம்மை செய்வது என்பது பொறியை ஏமாற்றும் வித்தையன்று. கேட்பவரின் சொல்லை அறிந்து, அதற்கு நேரான விடை எழுதுவதே.

உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் பயிர், பூச்சி, மண் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதி வாருங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் பாடநூற் பெயரை எழுதுங்கள். நாளை நீங்கள் அறிவியல் எழுதும்போது இரண்டும் தேவைப்படும்.