மேற்கோள் தராசு

என் பழைய மாணவர் ஒருவர் சீறாப்புராணம் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதுகிறார். ஏனென்று வினவினேன். "தமிழில் எழுதினால் மேற்கோட் கணக்கில் ஏறாது, சேர்" என்றார்.

1964-இல் அமெரிக்கர் யூஜின் கார்ஃபீல்டு வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணையிலிருந்து வளர்ந்தது அக்கணக்கு. ஓர் ஆய்வைப் பின்வந்தோர் எவரெவர் எடுத்தாண்டனர் எனக் காட்டும் அது, தேடுவார்க்கு நல்ல கருவியே. நாளடைவில் ஆளை நிறுக்கும் தராசாயிற்று. இதழின் 'தாக்கக் காரணி' முந்திய ஈராண்டுக் கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களையே எண்ணும். மருத்துவத்துக்கு ஈராண்டு போதலாம், தமிழுக்கு?

கல்முனைக்கு அண்மையிலுள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் 1947-இல் அரங்கேறியது. அவ்வாண்டே அடிகள் மறைந்தார். பண்ணாராய்வோர் இன்றும் அந்நூலைப் புரட்டுகின்றனர். அன்னார் எழுதும் தமிழ் நூல்களோ, ஆங்கில இதழ்கள் மலிந்த அட்டவணைகளின் கண்ணிற் பெரும்பாலும் படுவதில்லை.

இதழளவையால் தனியாளை மதிப்பிடலாகாதென்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞரே அறிக்கை வகுத்தனர். மாணவரிடம் சொன்னேன், சிரித்தார். சீறாவை நெஞ்சில் வைத்திருக்கும் மருதமுனைப் பெரியவர்களுக்கு அவர் கட்டுரையை நானே தமிழிற் சொல்லிவருகிறேன்.