கப்பலைக் கடலில் ஆழ்த்துதல் தகுமா?

பயன் ஒழிந்த பொருளை யாது செய்வது என்னும் வினா இல்லந்தோறும் எழுவதே. விளிம்புடைந்த குடத்தைத் தோட்டத்தில் வைத்துச் செடி நடுவாரும் உளர். இருள் நேரத்தில் அயலார் வேலிப்புறத்தே எறிந்து மீள்வாரும் உளர். இருவர் வீட்டினின்றும் குடம் நீங்கியது உண்மையே. ஆயினும் இருவர் செயலும் ஒன்றாகா. இவ்வேற்றுமையை ஒரு பெருங்கப்பலின் வரலாற்றில் வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் போர்க்கப்பல்களுள் 'ஒரிஸ்கனி' என்பது ஒன்று. விமானங்களைத் தாங்கிச் செல்லும் அக்கப்பல் ஏறத்தாழ 900 அடி நீளமுடையது. 1950-ஆம் ஆண்டிற் கடற்படையிற் சேர்ந்து, கொரியப் போரிலும் வியட்நாம் போரிலும் ஈடுபட்டது. 1966-இல் அதனுள் மூண்ட தீயில் 44 பேர் மாண்டனர். 1976-இல் பணியினின்றும் நீக்கப்பெற்றது. அதன்பின் முப்பது ஆண்டு கழித்து, 2006-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள், பிளாரிடா மாகாணத்துப் பென்சகோலா நகருக்கு அப்பாலுள்ள கடலில், வெடிமருந்தால் துளை செய்து அதனை ஆழ்த்தினர். 37 நிமிடங்களில் அது நீருள் மறைந்து, 212 அடி ஆழத்தில் நிமிர்ந்தபடியே அமர்ந்தது.

இதனாற் பயன் யாதெனின், கூறுதும். மணற்பாங்கான கடற்றரையிற் பற்றிக்கொள்ள இடமின்றி மிதந்து திரியும் சிற்றுயிர்கள் வன்மையான இரும்பைக் கண்டவிடத்து ஒட்டி வளர்கின்றன. அவற்றை உண்ணச் சிறுமீன்களும், சிறுமீன்களை உண்ணப் பெருமீன்களும் வருகின்றன. இக்காட்சியைக் காண நீர்மூழ்குவோர் திரள்வர். படகோட்டியும் விடுதிக்காரரும் பிழைப்பர். இயற்கைப் பவளப்பாறைகளும் மனிதர் நெருக்கத்தினின்று சிறிது விடுதலை பெறும். இவற்றை நான் மறுக்கின்றிலேன்.

எனினும் அதே பிளாரிடாவில் நிகழ்ந்த மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. 1970-ஆம் ஆண்டுகளில் லாடர்டேல் கோட்டை நகரை அடுத்த கடலில், 'மீன்களுக்கு மனை அமைக்கின்றோம்' என்று கூறி, ஏறத்தாழ 20 இலட்சம் பழைய மோட்டார் டயர்களைக் கட்டுக்கட்டாக இறக்கினர். நாளடைவிற் கட்டுக்கள் அறுந்தன. புயலில் அலைப்புண்ட டயர்கள் அருகிலிருந்த இயற்கைப் பாறைகளையே மோதிச் சிதைத்தன. 2007-ஆம் ஆண்டு முதற் படைத்துறையினரின் நீர்மூழ்குவோரைக் கொண்டு அவற்றை மீட்டெடுக்கும் பணி நடந்தது. நல்லெண்ணத்தோடு தொடங்கிய செயலே குப்பை கொட்டியதாக முடிந்தது.

கழிவைக் கடலிற் கொட்டுதலைத் தடுக்க 1972-இல் ஏற்பட்ட இலண்டன் உடன்படிக்கை, கழித்துவிடுதலையே கருதாது வேறு நோக்கத்தோடு ஒரு பொருளைக் கடலில் வைத்தலைக் குற்றமாகக் கொள்வதில்லை. அச்செயல் உடன்படிக்கையின் குறிக்கோளுக்கு மாறாகாதிருந்தாற் போதும். ஆகவே, வைத்தலையும் கொட்டுதலையும் பிரித்து நிற்பது பெரும்பாலும் நோக்கமே. நோக்கமோ கண்ணுக்குப் புலனாகாதது. அதனைச் செயலால் மெய்ப்பித்தல் வேண்டும்.

முதலாவது, தூய்மை. ஒரிஸ்கனியின் எண்ணெய் முதலியவற்றை நீக்கினர். ஆனால் மின்கம்பிகளின் உறை முதலியவற்றிற் செறிந்திருந்த பி.சி.பி. என்னும் நச்சுப்பொருள் ஏறத்தாழ 700 இராத்தலளவு உள்ளேயே விடப்பட்டது. அரசாங்கமும் அதற்கு இசைவளித்தது. பின்னர் அங்குப் பிடித்த மீன்கள் சிலவற்றில் அந்நஞ்சு மிகுந்து காணப்பட்டது. வாள் கொழுவானது போலப் போர்க்கப்பல் மீனுக்கு மனையாயிற்று என மகிழ்வார், கொழுவாகுமுன் வாள் உலையில் இடப்படுவதை நினைத்தல் வேண்டும். தூய்மை செய்ய இயலாத கப்பலை உடைத்து இரும்பைப் பயன்கொள்ளுதலே முறை.

இரண்டாவது, மெய்யான பெருக்கம். கப்பலருகே மீன் மிகுதியாதல் கண்டு கடலில் மீன் பெருகிற்று என்று துணிதல் கூடாது. சந்தை கூடிய ஊரில் மக்கள் தொகை மிகுந்து தோன்றும், அயலூர்கள் வெறிச்சோடும். பிற இடத்து மீன்களை ஓரிடத்துக் கூட்டித் தூண்டிலுக்கு எளிதாக்கினால் அது மீனுக்குச் செய்த உதவியாகாது.

மூன்றாவது, தொடர்ந்த கண்காணிப்பு. ஒரிஸ்கனியருகே நஞ்சு உண்மையை நாம் அறிந்ததே, ஆழ்த்திய பின்னரும் மாகாணத்தார் மீன்களைப் பிடித்து ஆராய்ந்து வந்தமையாலன்றோ? இதற்காக அவரைப் பாராட்டுதல் கடன்.

ஆதலின் என் துணிபு இது: கப்பலை ஆழ்த்துதல் தன்னளவிற் பிழையன்று, ஆழ்த்தி அகல்வதே பிழை. குடத்தை எறிந்தவன் மீண்டும் அவ்வேலிப்பக்கம் செல்லான். செடி நட்டவனோ மறுநாட் காலையிலும் நீர் வார்க்கச் செல்வான். கடலில் ஒன்றை வைப்போர் இவருள் யாவர் என்பதை, வெடி முழங்கும் நாளிலன்று, அடுத்து வரும் ஆண்டுகளிலேயே நாம் அறிவோம்.