அட்டையை வெட்டும் முன் ஒர்க் ஷீட்டைத் திறங்கள்

பழைய காரின் மைலேஜைக் கூட்ட இன்ஜினைத் தொட வேண்டியதில்லை, காரின் உடலைக் கொஞ்சம் மாற்றினாலே போதும் என்று சொல்லும் படங்களும் வீடியோக்களும் இண்டர்நெட்டில் ஏராளமாகக் கிடைக்கின்றன. முன்பக்க கிரில்லை அட்டையால் அடைப்பது, பின் சக்கரங்களை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுவது, காரின் அடிப்பகுதியில் தட்டையான தகடு பொருத்துவது, பின்புறத்தில் படகின் வால் போலச் சரிந்து குறுகும் ஒரு கூட்டை ஒட்டுவது எனப் பல வகை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இவற்றைப் பார்க்கிறவர்களுக்கு, "இது உண்மையா? நாமும் செய்யலாமா?" என்ற கேள்வி வருவது இயல்பே.

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று எண்ண வேண்டாம். இந்தக் கேள்விக்கான விடை உங்கள் மேஜை மீது இருக்கிறது. கம்ப்யூட்டர் வாங்கிய பலர் பாட்டு கேட்கிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் ஐகானில் ஒருமுறை கூடக் கிளிக் செய்ததில்லை. காற்றுத் தடையைக் குறைக்கும் மாற்றங்கள் பலன் தரக்கூடியவைதான். ஆனால் அளந்து பார்க்காதவருக்கு அந்தப் பலன் கிடைத்ததா என்பது தெரியவே தெரியாது. எனவே முதலில் ஒர்க் ஷீட், பிறகுதான் கத்தரிக்கோல் என்பது என் கருத்து.

நாசாவே செய்த வேலை

இது வேலையற்றவர்களின் விளையாட்டு என்று ஒதுக்குபவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா பாலைவனத்தில் உள்ள நாசாவின் டிரைடன் விமான ஆய்வு மையத்தில் எட்வின் சால்ட்ஸ்மன் என்ற பொறியாளர் பணியாற்றினார். சைக்கிளில் அலுவலகம் செல்லும்போது, கடந்து போகும் பெரிய லாரிகள் காற்றைத் தள்ளுவதையும் இழுப்பதையும் உடம்பில் உணர்ந்தார். பெட்ரோல் நெருக்கடி நிலவிய காலம் அது. அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு போர்டு வேனை எடுத்து, சுற்றிலும் அலுமினியத் தகடுகளைப் பொருத்தி, அதை ஒரு செருப்புப் பெட்டி போல ஆக்கினார்கள். பிறகு விளிம்புகளை ஒவ்வொன்றாக வளைவாக்கி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ஓட்டிப் பார்த்தார்கள். விளிம்புகளை வளைத்ததிலேயே காற்றுத் தடை பாதிக்கும் மேல் குறைந்தது.

அவர்கள் ஒவ்வொரு முறையும் அளந்தார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். வேனைக் குறிப்பிட்ட வேகத்துக்குக் கொண்டு போய், கியரிலிருந்து விடுவித்து, தானாக வேகம் குறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்தார்கள். தடை குறைந்தால் வண்டி கூடுதல் நேரம் உருளும். இந்தச் சோதனைக்குப் பிரம்மாண்டமான காற்றுச் சுரங்கம் தேவையில்லை.

வீட்டிலேயே செய்தவர்களில் அதிகம் பேசப்பட்டது "ஏரோசிவிக்" என்ற கார். 1992 மாடல் ஹோண்டா சிவிக் காருக்கு அதன் அமெரிக்க உரிமையாளர் பிளாஸ்டிக் ஷீட்டுகளைக் கொண்டு நீண்ட வால், சக்கர மூடிகள், அடித்தகடு எல்லாம் பொருத்தினார். மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கி.மீ. வேகத்தில் காலனுக்கு 95 மைல் கிடைப்பதாக அவர் கூறினார். நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 40 கி.மீ. பார்ப்பதற்கு விசித்திரமாக இருந்தாலும் உத்தி புதிதல்ல. அதே ஹோண்டா நிறுவனம் 1999ல் வெளியிட்ட இன்சைட் காரிலும் பின் சக்கரங்கள் பாதி மூடப்பட்டு, பின்பக்கம் குறுகிச் சென்றது. ஆனால் மைலேஜ் என்பது ஓட்டும் வேகம், டயர் காற்று, ஓட்டுபவரின் கால் எல்லாம் சேர்ந்தது. ஒரு காரின் படத்தைப் பார்த்து, "வால் வைத்ததால்தான் இவ்வளவு" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பெட்ரோல் எங்கே போகிறது?

ஒர்க் ஷீட்டில் ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். காரின் எடை 1,000 கிலோ, முகப்புப் பரப்பு 1.8 சதுர மீட்டர், காற்றுத் தடையின் அளவைக் காட்டும் இழுவைக் கெழு 0.34, டயர் உருளும் தடை எடையில் 1.2 சதவீதம் என்று வைத்துக் கொண்டேன். சிறிய பழைய கார்களுக்குப் பொருந்தக்கூடிய எண்கள் இவை.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் காற்றின் தடை 71 நியூட்டன். டயரின் தடை 118 நியூட்டன். வேகம் 100 கி.மீ. ஆனதும் டயரின் தடை ஏறக்குறைய அப்படியே இருக்க, காற்றின் தடை 283 நியூட்டனாகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும் என்பதுதான் காரணம். நீங்கள் அட்டையும் டேப்பும் வைத்துக் காற்றுத் தடையை 10 சதவீதம் குறைத்துவிட்டீர்கள் என்று கொள்வோம். 100 கி.மீ. வேகத்தில் மொத்தத் தடை 7 சதவீதம் குறையும். 50 கி.மீ. வேகத்தில் 4 சதவீதத்துக்கும் கீழேதான் குறையும். சிக்னலுக்குச் சிக்னல் பிரேக் போடும் நகர ஓட்டத்தில் இதுவும் தேறாது.

எனவே நீங்கள் ஓட்டுவது கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும்தான் என்றால், வால் பொருத்தும் யோசனையை இங்கேயே விட்டுவிடலாம். நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவர் மேலே படிக்கலாம். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டுபவருக்கு லிட்டருக்கு 15 கி.மீ. கிடைத்தால் 800 லிட்டர் செலவாகும். அவர் முழுவதும் 100 கி.மீ. வேகத்திலேயே ஓட்டினாலும், 7 சதவீதம் என்பது ஆண்டுக்குச் சுமார் 56 லிட்டர். உங்கள் ஊர் பெட்ரோல் விலையால் இதைப் பெருக்கிப் பாருங்கள். மாற்றத்துக்கு எவ்வளவு செலவிடலாம் என்பது தெரிந்துவிடும்.

ஒர்க் ஷீட் தயாரிப்பது எப்படி?

புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்து முதல் வரிசையில் தேதி, மீட்டர் எண், போட்ட லிட்டர், ஓடிய கி.மீ., லிட்டருக்கு கி.மீ., குறிப்பு என ஆறு தலைப்புகளை டைப் செய்திடுங்கள். ஒவ்வொரு முறையும் டேங்க் நிரம்பப் பெட்ரோல் போட்டு, முதல் மூன்று விவரங்களையும் குறிப்பையும் நிரப்ப வேண்டும். முதல் முறை போட்டது தொடக்கப் புள்ளி மட்டுமே. கணக்கு இரண்டாவது முறையிலிருந்து தொடங்கும். ஓடிய கி.மீ. என்ற செல்லில் சமக்குறியைத் தட்டி, இந்த முறை மீட்டர் எண் உள்ள செல்லில் கிளிக் செய்து, கழித்தல் குறி தட்டி, அதற்கு நேர் மேலே உள்ள செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். அடுத்த செல்லிலும் இதே போல, ஓடிய கி.மீ.யை லிட்டரால் வகுக்கும் பார்முலாவை அமையுங்கள். பிறகு இந்தச் செல்களின் கீழ் வலது மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால், பார்முலா மற்ற வரிசைகளுக்கும் பரவிவிடும்.

குறிப்பு என்ற இடத்தை வெறுமையாக விடாதீர்கள். டயர் காற்று, மழை, எதிர்க்காற்று, எத்தனை பேர் பயணம், எந்தச் சாலை என்பவை எல்லாம் அங்கே எழுதப்பட வேண்டும். முடிவில் சராசரி காணும்போது மைலேஜ் எண்களைக் கூட்டி வகுக்க வேண்டாம். மொத்த கி.மீ.யை மொத்த லிட்டரால் வகுப்பதே சரி.

ஒரு டேங்கை வைத்து ஏன் முடிவு செய்யக் கூடாது? 30 லிட்டர் நிரப்பும்போது பம்ப் ஒரு லிட்டர் முன்னதாக நின்றுவிட்டால், அதிலேயே 3 சதவீதத்துக்கு மேல் பிழை வந்துவிடும். ஐந்து லிட்டர் மட்டும் போட்டுப் பார்ப்பவருக்கு அரை லிட்டர் வித்தியாசமே 10 சதவீதம். நாம் தேடும் பலனோ 5, 7 சதவீதம்! எனவே மாற்றத்துக்கு முன் ஐந்து டேங்க், மாற்றத்துடன் ஐந்து டேங்க், பிறகு அதைக் கழற்றிவிட்டு மீண்டும் ஐந்து டேங்க் என்று எழுதுங்கள். கழற்றியதும் மைலேஜ் பழையபடி இறங்கினால்தான் பலன் அந்த அட்டையால் வந்தது. இறங்கவில்லை என்றால் பருவநிலையோ உங்கள் கால் பழக்கமோ மாறியிருக்கிறது. ஒரே நேரத்தில் நான்கு மாற்றங்களைச் செய்தால் எது உதவியது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்று முடிந்த பின் அடுத்தது.

நாசா செய்த உருளல் சோதனையையும் இதே பைலில் இன்னொரு ஷீட்டில் பதியலாம். மேலே சொன்ன காரை 90 கி.மீ. வேகத்தில் நியூட்ரலுக்குக் கொண்டு வந்தால், 70 கி.மீ.க்கு இறங்கச் சுமார் 18 அல்லது 19 நொடி ஆகும். காற்றுத் தடை 10 சதவீதம் குறைந்தாலும் கூடுவது ஒரு நொடி அளவுதான். எனவே இரு திசைகளிலும் பல முறை ஓட்டிச் சராசரி காண வேண்டும். வாகனம் வராத, சமமான இடத்தில் மட்டுமே இதைச் செய்யலாம். ஸ்டாப்வாட்ச் பக்கத்தில் இருப்பவர் கையில் இருக்கட்டும். இன்ஜினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும்.

கண்ணை நம்பலாமா?

பிக்கப் வண்டிகளின் பின்கதவைத் திறந்து தொங்கவிட்டால் காற்று தடையின்றிப் போகும், பெட்ரோல் மிச்சமாகும் என்று பலர் நம்புகிறார்கள். பார்க்கும்போது அப்படித்தான் தோன்றும். ஆனால் காற்றுச் சுரங்கச் சோதனைகளில் பெரும்பாலும் மூடிய கதவே நல்லது என்று தெரிந்தது. மூடிய தொட்டிக்குள் காற்று சுழன்று தங்கிவிட, மேலே வரும் காற்று அதன் மீது வழுக்கிச் செல்கிறது.

மைலேஜ் கூட்டும் கருவி விற்பவர்கள் பிழைப்பதும் இப்படி அளக்காதவர்களை நம்பித்தான். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான ஈபிஏ இத்தகைய 100க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தும் கருவி எதுவும் அதில் அகப்படவில்லை. விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கொடுப்பவரிடம் ஒரு ஒர்க் ஷீட் இருந்திருந்தால், மூன்றே மாதத்தில் உண்மை தெரிந்திருக்கும்.

என் பரிந்துரை

1. முதலில் கழற்றுங்கள். காரின் கூரை மீது வைக்கும் மழுங்கிய முகப்புள்ள பெரிய பெட்டி, சாதாரண நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதமும், அதிவேகச் சாலையில் 10 முதல் 25 சதவீதமும் மைலேஜைக் குறைக்கும் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தகவல் தளம் கூறுகிறது. காலியாக நிற்கும் கேரியரைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும்.

2. வேகத்தைக் குறையுங்கள். 1974ல் அமெரிக்க அரசு நாடு முழுவதும் 55 மைல் என்ற வேக வரம்பைக் கொண்டு வந்ததும் பெட்ரோலுக்காகத்தான். 65 மைலிலிருந்து 55 மைலுக்கு இறங்கினால் காற்றுத் தடை 28 சதவீதம் குறைகிறது. வீட்டில் செய்யும் அட்டை வேலை எதிலும் இது எளிதில் கிடைக்காது.

3. காற்றைப் பாருங்கள். சிறு கம்பளி நூல் துண்டுகளைக் காரின் மீது வரிசையாக டேப்பால் ஒட்டி, இன்னொரு வண்டியிலிருந்து ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால், நூல் படிந்து கிடக்கும் இடத்தில் காற்று ஒழுங்காகப் போவதும், நூல் துள்ளும் இடத்தில் சிதறுவதும் தெரியும். எங்கே கை வைப்பது என்று முடிவு செய்ய இது உதவும்.

4. ஆபத்தை நினைவில் கொள்ளுங்கள். கிரில்லை அடைத்தால் இன்ஜின் சூடேறலாம். அடித்தகடு சைலன்சர் குழாயின் அருகே இருந்தால் உருகும், தீப்பிடிக்கவும் கூடும். சரியாகப் பொருத்தாத சக்கர மூடி கழன்று பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் மீது விழுந்தால், சேமித்த பெட்ரோல் எதற்கும் ஆகாது. இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சட்டமும் உண்டு. வாகனத்தின் அடிப்படை அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு தடுக்கிறது. 2019ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மறைக்கும் வால் பக்கம் போகவே வேண்டாம்.

நாசாவின் பொறியாளர்கள் அலுமினியத் தகடு வாங்கிய காலத்தில், சாதாரண வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. இன்று உங்கள் வீட்டில் இருக்கிறது. கார் விற்பவர் சொல்வதையும், கருவி விற்பவர் சொல்வதையும், நான் சொல்வதையும் கூட நீங்களே சோதித்துப் பார்க்கும் வசதி அதில் உள்ளது. அடுத்த முறை டேங்க் நிரப்பியதும் ரசீதைத் தூக்கி எறியாமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அதில் உள்ள லிட்டரையும் காரின் மீட்டர் எண்ணையும் முதல் வரிசையில் டைப் செய்து, பைலுக்கு ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்திடுங்கள்.