கட்டியைக் கிள்ளினால் பரவுமா?

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் முதலிய ஊர்களிலும் ஒரு பேச்சு வெகுநாளாய் உலவி வருகின்றது. அதாவது, "கட்டியில் கத்தி பட்டால் புற்று உடம்பெல்லாம் பரவிவிடும்" என்பதேயாகும். இதை நம்பி, வாயில் ஆறாத புண்ணோடு கோடாங்கியிடம் குறி கேட்டு, மந்திரித்த கயிறு கட்டி, ஆறு மாதம் கழித்து வாய் திறக்கவும் முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு. அப்படி வந்தவர் இறந்துவிட்டால், "கிள்ளினார்கள், பரவிவிட்டது" என்று பழியைக் கத்தியின் மேல் போடுகிறார்கள். வீணாய்ப் போன அந்த ஆறு மாதத்தின் மேல் ஏன் ஒருவரும் பழி போடுவதில்லை என்று கேட்கின்றோம்.

சில அவயவங்களில் ஊசி போன வழியே புற்றணு ஒட்டுவது அபூர்வமாய் உண்டு என்பது மெய்யே. அதை அறிந்துதான் வைத்தியர்கள் எங்கே, எப்படிச் சதை எடுப்பது என்று தீர்மானிக்கிறார்கள். அதற்காகச் சோதனையே வேண்டாமென்பது, தடுக்கி விழுவோமென்று நடையையே விடுவது போலாகும்.

நிற்க, அந்தத் துணுக்குச் சதை முன்னெல்லாம் முக்கியமாய் "புற்றா, அல்லவா, என்ன புற்று?" என்பதற்கே பதில் சொல்லிற்று. இன்று அதற்கு மேலும் சொல்லுகின்றது. நமது இரத்தத்தில் டி அணுக்கள் என்னும் வெள்ளை அணுக்கள் காவற்காரர் வேலை செய்கின்றன. காவற்காரன் வீட்டுக்காரனையே அடித்துவிடாதபடி அவைகளுக்குத் தடைகளும் உண்டு. சில புற்றணுக்கள் பி.டி.-எல்1 என்னும் பொருளை மேலே பூசிக்கொண்டு அந்தத் தடையை அழுத்திவிடுகின்றன. காவற்காரன் சும்மா நிற்கிறான். தடையை விலக்கினால் அவன் மீண்டும் தாக்குவான் என்பதற்கு வழி கண்ட அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானியரான தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இம்மருந்து எல்லோருக்கும் பலிப்பதில்லை. யாருக்குப் பலிக்கும் என்பதற்கு அடையாளம் சதையிலேயே தேடப்படுகின்றது. சதையை மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி, பி.டி.-எல்1 எவ்வளவு, டி அணுக்கள் கட்டிக்குள் புகுந்திருக்கின்றனவா, வெளியிலேயே நிற்கின்றனவா என்று எண்ணுகிறார்கள். அணு பெருகும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் சக்தி கெட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அந்தக் கோளாறு ஒன்றையே கொண்டு, எந்த அவயவத்துப் புற்றானாலும் இம்மருந்தைக் கொடுக்க 2017-ல் அமெரிக்காவில் அனுமதி தரப்பட்டது.

இவ்வடையாளங்கள் ஜாதகமல்ல. அடையாளமுள்ளவர்க்குப் பலிக்காமலும், இல்லாதவர்க்குப் பலித்தும் இருக்கின்றது. ஜோசியன் தவறினால் கிரகத்தின் மேல் போட்டுத் தப்பித்துக்கொள்வான். விஞ்ஞானியோ தவறியதையும் எண்ணி எழுதி வைத்து, அடுத்த அடையாளத்தைத் தேடுகிறான்.

"லட்சக்கணக்கில் விலையுள்ள மருந்து ஏழைக்கு எதற்கு?" என்று கேட்கலாம். பம்பாயில் டாட்டா ஆஸ்பத்திரியார், தலை, கழுத்துப் புற்று முற்றிய 151 பேரை வைத்துச் சோதித்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமாய் ஒரு வேளைக்கு 240 மில்லிகிராம் கொடுக்கப்படும் நிவோலுமாப் மருந்தை, மூன்று வாரத்துக்கொருமுறை 20 மில்லிகிராம் மட்டும், மலிவான மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் உயிரோடிருந்தவர்கள் இது இல்லாமல் நூற்றுக்கு 16, இதனோடு 43. வெற்றிலை புகையிலைக்காரர் நிறைந்த நம் ஜில்லாவுக்கு இது பெரிய சமாசாரமல்லவா? மீதி 57 பேருக்கு ஏன் உதவவில்லை என்பதையும் நம் மக்களின் சதையில்தான் தேட வேண்டும்.

1923-ல் தன் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தலைவிதியென்று உட்கார்ந்திருந்தால், 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்திருக்காது.

ஆகவே, சர்க்கார் இந்தச் சதைச் சோதனைகளை மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் ஏழைகளுக்குக் காலதாமதமின்றி இலவசமாய்க் கிடைக்கச் செய்ய வேண்டும். தோழர்களும் ஒரு காரியம் செய்யலாம். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ கட்டியோ உள்ளவரைக் கண்டால், கோடாங்கி வீட்டு வாசலிலிருந்து கையைப் பிடித்து ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விடுங்கள்.